மாறுபிட்ச் புரொப்பெல்லர் பராமரிப்பு: அன்றாடப் பார்வையிலிருந்து ஓவர்ஹால் வரை

இலகு ரக விமானத்தில் இன்ஜினுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட அதன் முன்னால் சுழலும் புரொப்பெல்லருக்குக் கிடைப்பதில்லை. இன்ஜின் சூடாகும், எண்ணெய் குடிக்கும், சத்தம் மாறும். தன் குறையைத் தானே சொல்லிவிடும். புரொப்பெல்லரின் ஹப்புக்குள், அதாவது பிளேடுகளைத் தாங்கும் நடுப்பாகத்துக்குள், ஈரம் இறங்கி, பேரிங் தடத்தில் அரிப்பு தொடங்கி, இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகும் வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரிவதை நம்பாமல், கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் வைத்தே இதைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது.

பிட்ச் என்பது பிளேடு திரும்பி நிற்கும் கோணம்; ஓடும்போதே அதை மாற்றக்கூடியது மாறுபிட்ச் புரொப்பெல்லர். பொதுப்படச் சொல்வதைவிட ஒரு குறிப்பிட்ட அமைப்பை வைத்துச் சொல்வது தெளிவாக இருக்கும். 200 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஐ.ஓ.-360 இன்ஜினும், ஹார்ட்செல் எச்.சி.-சி2ஒய்.கே. வகை இரண்டு பிளேடு புரொப்பெல்லரும் பூட்டிய பைப்பர் ஆரோ விமானத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். செஸ்னா 182-இல் வரும் மெக்காலி புரொப்பெல்லருக்கும் தத்துவம் ஒன்றுதான் என்றாலும், மசகு முறையும் அளவு வரம்புகளும் வேறு. இங்கே தரும் எண்கள் வேலையைப் புரிந்துகொள்வதற்கு மட்டுமே. கையில் எடுக்கும் புரொப்பெல்லருக்கு உரிய கையேட்டின் நடப்புப் பதிப்பே இறுதியானது.

எண்ணெய் எந்தப் பக்கம் தள்ளுகிறது

கருவியைத் தொடுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஆரோவில் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இன்ஜின் எண்ணெயை வாங்கி, சதுர அங்குலத்துக்குச் சுமார் 300 பவுண்டு வரை அழுத்தம் ஏற்றி, உள்ளீடற்ற கிராங்க் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழல் தண்டு) வழியாக ஹப்பின் முன்னால் இருக்கும் சிலிண்டருக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி பிளேடுகளைக் கூடிய பிட்சுக்குத் திருப்பும். சுழலும்போது பிளேடுகளில் தானாகவே எழும் மையவிலக்கு முறுக்கு விசையும், சில மாடல்களில் அதற்குத் துணையாக நிற்கும் ஸ்பிரிங்கும் அவற்றைக் குறைந்த பிட்சுக்குத் திருப்பிக் கொண்டுவரும். கவர்னருக்குள் சுழலும் சிறு எடைகளும் அவற்றை எதிர்த்து அழுத்தும் ஒரு ஸ்பிரிங்கும் எண்ணெய் வால்வை ஏற்றி இறக்கி வேகத்தைச் சீராக வைக்கின்றன. விமானி தன் அறையில் உள்ள நீல நிறப் புரொப்பெல்லர் பிடியை நகர்த்தும்போது மாறுவது அந்த ஸ்பிரிங்கின் இறுக்கம்தான்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் முக்கியமானது. இந்த அமைப்பில் எண்ணெய் அழுத்தம் போனால் பிளேடுகள் குறைந்த பிட்சுக்குப் போகும், சுழல் வேகம் எகிறும். இரட்டை இன்ஜின் விமானங்களில் எதிர் எடை பொருத்திய, ஃபெதர் செய்யக்கூடிய (பிளேடுகளைக் காற்றோட்டத்தின் திசைக்கே திருப்பி வைக்கக்கூடிய) புரொப்பெல்லர்களில் எல்லாம் தலைகீழ்: அங்கே எண்ணெய் போனால் பிளேடுகள் ஃபெதர் நிலையை நோக்கி நகரும். ஒரே குறைக்கு இரண்டு விமானங்கள் நேர்மாறான அறிகுறி காட்டும் என்பதை மறந்தவர்கள் கவர்னரை வீணாகக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

விசைகளின் அளவையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. இந்தப் புரொப்பெல்லரின் விட்டம் 74 அங்குலம், அதாவது 1.88 மீட்டர். நிமிடத்துக்கு 2700 சுற்றில் அதன் நுனி வினாடிக்குச் சுமார் 266 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் ஒரு கிராம் பொருள் ஏறத்தாழ 7.6 கிலோ எடையுள்ள பொருளைப் போல வெளியே இழுக்கும். ஒவ்வொரு பிளேடும் ஹப்பை இழுக்கும் விசை பத்து டன்னுக்கு மேல். நகக்கண் அளவுள்ள ஒரு வெட்டை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

முதல் படி: காகிதங்கள்

புரொப்பெல்லரின் லாக்புக்கில் ஹப் எண், இரண்டு பிளேடுகளின் எண்கள், புதிதானதிலிருந்து ஓடிய மணி, கடைசி ஓவர்ஹாலிலிருந்து (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்ததிலிருந்து) ஓடிய மணி, அந்த ஓவர்ஹாலின் தேதி ஆகியவை இருக்க வேண்டும். இவற்றை விமானத்தில் பொறித்திருக்கும் எண்களோடு ஒப்பிட வேண்டும். மாடல் பெயரே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். எஃப்7666ஏ-2 என்ற பிளேடில் 76 என்பது அடிப்படை விட்டம் அங்குலத்தில். கடைசியில் வரும் 2 என்பது அதிலிருந்து குறைத்த அங்குலம். அப்படித்தான் 74 வருகிறது.

ஹப் எண்ணின் கடைசி எழுத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். லைகமிங் இன்ஜின்களில் பூட்டிய, ஒய் வகைப் பிளேடு அடி கொண்ட இரண்டு பிளேடு ஹார்ட்செல் ஹப்புகளில் விரிசல்கள் கண்டறியப்பட்டதால், அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2009-22-03 எண்ணுள்ள கட்டாய ஆணையை வெளியிட்டது. எண்ணின் முடிவில் ஏ அல்லது பி இல்லாத பழைய ஹப்பாக இருந்தால், 100 மணிக்கு ஒருமுறை எடி கரண்ட் சோதனை (மின்சுழல் ஓட்டத்தால் விரிசல் தேடும் சோதனை) செய்தாக வேண்டும். ஏ அல்லது பி எழுத்துள்ள ஹப்பை மாற்றிப் போட்டால் அந்தத் தொல்லை முடியும். பழைய விமானம் வாங்குபவர்கள் விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டிய எழுத்து இது.

காலக்கெடுவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தயாரிப்பாளர்கள் ஓவர்ஹாலுக்குத் தரும் வரம்பு, மாடலைப் பொறுத்து, பெரும்பாலும் 2000 முதல் 2400 மணி அல்லது 5 முதல் 6 ஆண்டு. இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. ஆண்டுக்கு 60 மணி மட்டும் பறக்கும் ஒரு விமானம் ஆறு ஆண்டில் 360 மணியைத்தான் தொடும். மணிக்கணக்கில் பார்த்தால் 20 சதவீதம்கூடப் பயன்படுத்தவில்லை என்று உரிமையாளர் வாதிடுவார். ஆனால் ஹப்பைத் திறந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆண்டுக்கு 400 மணி பறக்கும் பயிற்சி விமானத்தின் உட்பாகங்கள், ஹேங்கரில் தூங்கும் விமானத்தின் உட்பாகங்களைவிடச் சுத்தமாக இருப்பதே வழக்கம். பறக்கும்போது கிரீஸ் நகர்கிறது, பந்துகள் உருள்கின்றன, ஈரம் ஓரிடத்தில் தங்குவதில்லை. நிற்கும்போது எல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அரிக்கிறது.

இரண்டாம் படி: ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்

சாவி கழற்றப்பட்டு, மேக்னெட்டோக்கள் (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவிகள்) அணைக்கப்பட்டு, எரிபொருள் கலவைப் பிடி முழுதும் பின்னால் இழுக்கப்பட்டிருந்தாலும், புரொப்பெல்லர் எந்நேரமும் சுழலும் என்றே எண்ணி அதன் வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும். மேக்னெட்டோவின் தரை வயர் ஒன்று அறுந்திருந்தால் போதும், கையால் திருப்பும்போதே இன்ஜின் பற்றிக்கொள்ளும்.

முன்விளிம்பில் விரல் நகத்தை மெல்ல ஓட்டினால், கண் தவறவிடும் வெட்டும் நகத்தில் தட்டும். பிளேடின் அடியிலிருந்து நுனி நோக்கி எண்ணெய்க் கோடோ கிரீஸ் கோடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு: மெல்லியதாக, கறுப்பாக, சட்டென்று பரவும் கோடு இன்ஜின் எண்ணெய், கெட்டியாகப் பிசுபிசுப்பது கிரீஸ். புதிய அல்லது ஓவர்ஹால் முடிந்த புரொப்பெல்லர் முதல் சில மணி நேரத்தில் சிறிது கிரீஸைச் சிதறடிப்பது இயல்பு. ஆனால் பிளேடு சீல் அல்லாமல், ஹப்பின் உடலில் வேறு எந்த இடத்திலிருந்து கிரீஸ் கசிந்தாலும் அதை விரிசல் என்றே கருதி விமானத்தை நிறுத்திவிட வேண்டும். மெக்காலியின் சில ஹப்புகளில் இதற்காகவே சிவப்புச் சாயம் கலந்த எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். வெளியே சிவப்பு தெரிந்தால் பறத்தல் அத்தோடு முடிந்தது.

விமானத்தைக் கழுவும்போது உயர் அழுத்த நீரை ஹப் மேல் பீய்ச்சக் கூடாது. பிளேடில் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, ஏனெனில் அதன் விளிம்பில் ஈரம் தங்கும். பெயிண்டை உரித்து வெள்ளியைப் போலப் பாலிஷ் போட்டுக் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அலுமினியத்தின் பாதுகாப்பு உறையையே உரித்துவிட்டு அழகு பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிளேடைப் பிடித்து விமானத்தைத் தள்ளுவதும் இழுப்பதும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாம் படி: 100 மணி அல்லது ஓராண்டுச் சோதனை

ஸ்பின்னரை, அதாவது ஹப்பை மூடும் கூம்பு உறையை, கழற்றி, அதன் திருகுத் துளைகளைச் சுற்றியும் பின்தட்டிலும் விரிசல் தேட வேண்டும். பிறகு ஒவ்வொரு பிளேடையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். இந்த வகைக்கு, பிளேடு தன் அச்சில் திரும்பும் தளர்வு மொத்தம் 1 பாகைக்குள்ளும், உள்ளே வெளியே நகரும் தளர்வு 0.032 அங்குலத்துக்குள்ளும் இருக்க வேண்டும், 0.032 அங்குலம் என்பது 0.8 மில்லிமீட்டர். தடச் சோதனைக்கு, பிளேடு நுனிக்கு அருகில் அசையாத ஒரு குறியை நிறுத்தி, புரொப்பெல்லரை மெதுவாகத் திருப்பி, இரண்டு நுனிகளும் அந்தக் குறியை ஒரே இடத்தில் கடக்கின்றனவா என்று பார்க்கிறோம். வித்தியாசம் ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும்.

கிரீஸ் ஏற்றுவது சின்ன வேலையாகத் தோன்றும். அதிகம் கெடுப்பதும் இதில்தான். 100 மணி அல்லது 12 மாதம், எது முன்னால் வருகிறதோ அதற்குள் செய்ய வேண்டும். சென்னை, தூத்துக்குடி போல உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் நிற்கும் விமானத்துக்கு 6 மாதமே சரி. ஒவ்வொரு பிளேடுக்கும் ஹப்பில் இரண்டு கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. அவற்றில் ஒன்றைக் கழற்றி, அந்தத் துளையில் இறுகிக் கிடக்கும் பழைய கிரீஸைச் சிறு கம்பியால் மெல்லக் கிளறி வழி உண்டாக்கிய பிறகு, மற்ற நிப்பிள் வழியாகக் கைக் கிரீஸ் கன்னால் நிதானமாக ஏற்ற வேண்டும். திறந்த துளையில் கிரீஸ் எட்டிப் பார்த்தாலோ, ஏற்றியது 30 மில்லிலிட்டரை எட்டினாலோ நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலான கன்களில் அது ஆறு அழுத்தம் அளவுதான். ஒரு நிப்பிளைக் கழற்றாமல் ஏற்றினாலும், காற்றழுத்தக் கன்னைப் பயன்படுத்தினாலும் பிளேடு சீல் பிதுங்கிப் போகும். வெளியே வரும் பழைய கிரீஸை விரலில் தடவிப் பார்ப்பது என் வழக்கம். துருவின் செம்பழுப்பு நிறமோ, நீர் கலந்த பால் நிறமோ, விரலிடையில் நறநறப்போ இருந்தால் நிப்பிளை மூடிவிட்டுப் பட்டறைக்குத் தகவல் சொல்ல வேண்டியதுதான்.

எந்தக் கிரீஸ் என்பது ஹப்பில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். பெரும்பாலும் ஏரோஷெல் 6, சிலவற்றில் ஏரோஷெல் 5. இரண்டையும் கலக்கக் கூடாது. நான் பயிற்சியில் இருந்த நாளில் ஓரிடத்தில் அலமாரியில் கைக்குக் கிடைத்த டின்னை எடுத்து ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது பறத்தலிலேயே கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து பிளேடு நெடுக வழிந்து, முன்கண்ணாடியில் புள்ளிப் புள்ளியாகத் தெறித்திருந்தது. கவர்னர் சீல் போய்விட்டது என்று அரை நாள் தேடிய பிறகே யாரோ லேபிளைப் படித்தார்கள்.

நான்காம் படி: வெட்டும் கீறலும்

சரளைக்கல் பட்ட வெட்டை அப்படியே விட்டால் அதன் அடியில் தகைவு குவிந்து, நாளடைவில் விரிசல் பிறக்கும். நுண்மையான அரைவட்ட அரத்தால், பிளேடின் நீளவாக்கிலேயே ராவி, வெட்டின் கூர்மையான அடியைத் திறந்து, ஆழமற்ற சாய்வான பள்ளமாக மாற்றுவதே சீரமைப்பு. முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் பள்ளத்தின் நீளம் ஆழத்தைப் போல் குறைந்தது 10 மடங்கும், பிளேடின் முகப்பரப்பில் 20 மடங்கும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 1 மில்லிமீட்டர் ஆழமான வெட்டு விளிம்பில் இருந்தால், 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு அதைப் பரப்ப வேண்டும் என்று பொருள். அதன்பின் உப்புத்தாளைப் படிப்படியாக நுண்மையாக்கித் தேய்த்து, அரத்தின் தடம் ஒன்றும் மிஞ்சாமல் பார்த்துக்கொண்டு, 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியாலும் சாய ஊடுருவல் சோதனையாலும் அடியில் விரிசல் இல்லை என்று உறுதி செய்த பிறகே பாதுகாப்புப் பூச்சும் பெயிண்டும். சுத்தியலால் தட்டி வெட்டை மூட முயல்வது குறையை உள்ளே புதைப்பதாகும். விரிசல் எனில் சீரமைப்பே கிடையாது. அந்தப் பிளேடின் ஆயுள் முடிந்தது.

ஐந்தாம் படி: வேகம் நிலைக்காதபோது

தரையில் முழு த்ராட்டிலில் 2700 சுற்று வரவில்லை என்றால், பலரும் முதலில் கவர்னர் திருகைத் தொடுகிறார்கள். அதற்கு முன் ஓர் எளிய சோதனை உண்டு. முழு த்ராட்டிலில் இருக்கும்போதே நீலப் பிடியை மிக மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். உடனே வேகம் இறங்கினால் கவர்னர்தான் வேகத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது, அதன் உச்சவேகத் திருகைச் சரிசெய்யலாம். கவர்னரைப் பொறுத்து ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 20 முதல் 25 ஆர்.பி.எம். மாறும். பிடி கணிசமாக நகர்ந்த பிறகே வேகம் இறங்குகிறது என்றால் பிளேடுகள் குறைந்த பிட்ச் நிறுத்தத்தில் மோதி நிற்கின்றன. அப்போது குறை நிறுத்தத்தின் அளவிலோ இன்ஜினின் திறனிலோ இருக்கிறது, கவர்னரைத் திருகிப் பயனில்லை.

எதற்கும் முன்னால் டாக்கோமீட்டரை (சுழல் வேகமானியை) ஒளிக்கருவியால் சரிபார்க்க வேண்டும். இந்த இன்ஜின்-புரொப்பெல்லர் இணைக்கு 2100 முதல் 2350 ஆர்.பி.எம். வரை தொடர்ந்து இயக்கக் கூடாத பகுதி ஒன்று உண்டு, அங்கே பிளேடுகள் அதிர்வில் ஒத்திசைந்து சோர்வடைகின்றன. முள் 100 சுற்று தவறாகக் காட்டினால், விமானி தடையிலிருந்து விலகி இருப்பதாக நினைத்துக்கொண்டு அதற்குள்ளேயே மணிக்கணக்கில் பறப்பார்.

வேகம் ஏறி இறங்கி ஊசலாடினால் கவர்னரில் கசடு, எண்ணெய் வழியில் காற்று, கட்டுப்பாட்டுக் கம்பியில் உராய்வு என்ற வரிசையில் தேடலாம். கவர்னரைக் கழற்றி மாட்டும்போது அதன் கேஸ்கெட்டில் இருக்கும் சல்லடையின் மேடான பக்கம் கவர்னரை நோக்கி இருக்க வேண்டும்.

ஆறாம் படி: பட்டறைக்கு அனுப்புதல்

மாறுபிட்ச் புரொப்பெல்லரைப் பிரித்து ஓவர்ஹால் செய்வதை எஃப்.ஏ.ஏ. விதிகள் பெரும் பழுதுபார்ப்பு என்றே வகைப்படுத்துகின்றன. சாதாரண மெக்கானிக் உரிமம் அதற்குப் போதாது. இந்தியாவிலும் சி.ஏ.ஆர்.-145 என்ற பராமரிப்பு நிறுவன விதியின் அங்கீகாரத்தில் புரொப்பெல்லருக்கான தகுதி பெற்ற பட்டறைதான் செய்ய வேண்டும். வேலை முடிந்து வரும்போது பாகம் பயன்பாட்டுக்குத் தகுதியானது என்ற சான்றான சி.ஏ. படிவம் 1 கூடவே வர வேண்டும். சீல் மட்டும் மாற்றிக் கொடுப்பதை ஓவர்ஹால் என்று சொல்லிக் கணக்கைப் பூச்சியத்திலிருந்து தொடங்க முடியாது. பில்லிலும் சான்றிதழிலும் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

கெடு முடிவதற்கு முன்பே அனுப்ப வேண்டிய நேரமும் உண்டு. புரொப்பெல்லர் தரையிலோ வேறு பொருளிலோ மோதி, சிறு ராவலுக்கு மேல் பழுது தேவைப்பட்டால், இன்ஜின் ஓடாத நிலையில் மோதியிருந்தாலும் அது மோதல்தான். லைகமிங் இன்ஜினுக்கு அதோடு 2004-10-14 எண்ணுள்ள ஆணைப்படி, பின்பக்கம் உள்ள கிராங்க் ஷாஃப்ட் கியரின் போல்ட்டையும் டவல் பின்னையும் (இடம் பிசகாமல் நிறுத்தும் ஆணி) சோதிக்க வேண்டும். பிளேடை மட்டும் நிமிர்த்திவிட்டுப் பறந்தவர்களுக்கு அந்தப் போல்ட் நினைவுக்கு வருவதே இல்லை.

ஏழாம் படி: பட்டறைக்குள் நடப்பது

உரிமையாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய கட்டம் இது; நல்ல பட்டறை தடுக்காது. பிரித்த பாகங்கள் சுத்தமாகி, பெயிண்ட் ரசாயனத்தால் உரிக்கப்பட்டு, வெறும் உலோகமாக மேசையில் கிடக்கும்போதுதான் புரொப்பெல்லரின் உண்மையான வயது தெரியும். எஃகுப் பாகங்களுக்குக் காந்தத்துகள் சோதனை, அலுமினியத்துக்குச் சாய ஊடுருவலும் எடி கரண்டும். பிளேடு அடியின் வளைவிலும் பேரிங் அமரும் இடத்திலும் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். அவற்றை ராவித் தீர்க்க முடியுமா என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

பிளேடின் அகலம், தடிமன், முறுக்குக் கோணம் ஆகியவற்றைக் குறித்த இடங்களில் அளந்து, அரிப்பு நீங்கும் வரை ராவிய பிறகு, மீண்டும் அளக்கிறார்கள். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் பிளேடு தள்ளுபடி. ஒவ்வொரு ஓவர்ஹாலும் உலோகத்தைத் தின்கிறது, அதனால் ஒரு பிளேடுக்கு எத்தனை ஓவர்ஹால் தாங்கும் என்பதைக் களத்தில் அதை ராவியவர்களின் கைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. பின்னர் அனோடைசிங், பெயிண்ட். விமானியை நோக்கும் பக்கம் கண் கூசாதபடி மங்கலான கறுப்பிலோ சாம்பலிலோ இருக்கும். ஓ-ரிங், சீல், பேரிங் பந்துகள், பூட்டு நட்டுகள் எல்லாம் புதிதாகவே போட வேண்டும். பூட்டிய பிறகு, ஹப் மையத்திலிருந்து 30 அங்குலத் தூரத்தில் அளந்து கோணம் வைக்கிறார்கள். ஆரோவுக்குக் குறைந்த பிட்ச் சுமார் 14 பாகை, கூடியது சுமார் 29 பாகை. இறுதியில் எண்ணெய் அழுத்தத்தில் கசிவுச் சோதனையும் நிலைச் சமநிலையும் (ஓட்டாமலே பார்க்கும் எடைச் சமன்).

எட்டாம் படி: மீண்டும் பூட்டுதல்

கிராங்க் ஷாஃப்ட் ஃபிளேஞ்சைத் துடைத்து, புதிய ஓ-ரிங் போட்டு, ஆறு ஸ்டட்களையும் சிறிது சிறிதாகச் சுற்றி வரிசையாக இறுக்கி, இரு முகங்களும் ஒரே சீராகப் பொருந்தும்படி செய்ய வேண்டும். மரைகளில் குறித்த பசை தடவிய நிலையில், இறுக்க அளவு 60 முதல் 70 அடி-பவுண்டு, அதாவது சுமார் 81 முதல் 95 நியூட்டன் மீட்டர். இடம் குறுகலானதால் டார்க் ரெஞ்ச் நுனியில் ஒரு நீட்டுத்துண்டு மாட்ட வேண்டியிருக்கும். அது நெம்புகோலை நீளமாக்குவதால் ரெஞ்ச் காட்டும் எண் குறைவாக இருக்க வேண்டும். 1 அடி ரெஞ்சில் கால் அடி நீட்டினால், 65 வேண்டுமென்றால் 65-ஐ 1.25-ஆல் வகுத்து 52-இல் நிறுத்த வேண்டும். இந்த வகுத்தலை மனத்தில் செய்யாமல், வேலைத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவது என் பழக்கம். பிறகு சேஃப்டி வயர்.

முதல் தரை ஓட்டத்தில் எண்ணெய் சூடான பிறகு நீலப் பிடியை மூன்று நான்கு முறை முழுதும் இழுத்துத் தள்ள வேண்டும். சிலிண்டரில் காற்று இருப்பதால் முதல் முறை மந்தமாகவே இருக்கும். விமான அறைக்குள் பிடி முன்னால் முட்டுவதற்கு முன்பே கவர்னர் நெம்பு தன் நிறுத்தத்தில் முட்ட வேண்டும்; இல்லையென்றால் முழு வேகம் கிடைக்காது. அதன்பின் இயக்கச் சமநிலை, அதாவது ஓட்டிப் பார்த்து அதிர்வை அளப்பது. அதிர்வு வினாடிக்கு 1.2 அங்குலத்துக்கு மேல் இருந்தால் எடை சேர்த்து மறைக்காமல், புரொப்பெல்லரைக் கழற்றி நிலைச் சமநிலையை மறுபடி பார்க்க வேண்டும். 0.2-க்குள் ஏற்கத்தக்கது, 0.07-க்குக் கீழே கொண்டுவந்தால் நன்று. புதிய எடைகள் ஸ்பின்னரின் பின்தட்டில்தான் வர வேண்டும். பட்டறை ஹப்பில் வைத்த எடைகளைத் தொடக் கூடாது.

முதல் ஒன்றிரண்டு பறத்தலுக்குப் பின் ஸ்பின்னரைக் கழற்றி, ஹப்பைத் துடைத்து, கசிவு தேடி, சேஃப்டி வயரைப் பார்த்து, லாக்புக்கில் எழுத வேண்டும். அப்போதே லேபிளையும் படித்துவிடுங்கள். ஏரோஷெல் 5-உடன் போன ஹப் சில நேரம் 6-உடன் திரும்பி வரும், அலமாரியில் உள்ள டின்னோ பழையதாகவே இருக்கும்.